எண்பத்தேழில் ஒரு பங்கு ஸ்டேஷன்

மாடல் ரயில் கடையில் கிடைப்பது ஜெர்மன் ஸ்டேஷன். இந்திய ஸ்டேஷன் வேண்டுமென்றால் அட்டையை வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன் அளக்க வேண்டும். அளக்கும்வரை அது இடிபடாமல் இருக்க வேண்டும்.

பெட்டியைப் பிரித்தால் செங்குத்தான கூரை, மரச்சட்டம் போட்ட சுவர், ஜன்னலுக்கு வெளியே பூந்தொட்டி என்று ஓர் அழகான ரயில் நிலையம் துண்டு துண்டாக உள்ளே இருக்கும். ஒட்டினால் போதும், இரண்டு மாலைப் பொழுது வேலை. ஜெர்மனியில் பிளாக் ஃபாரஸ்ட் மலைப்பகுதியின் கூட்டன்பாக் என்ற சிற்றூரில் இருக்கும் ஃபாலர் நிறுவனம் இந்தப் பெட்டிகளுக்கு உலகப் பிரசித்தம். 1946-ல் இரண்டு சகோதரர்கள் ஆரம்பித்தது. அதன் வீடுகளும் ஸ்டேஷன்களும் தேவாலயங்களும் இல்லாத மாடல் ரயில் மேஜை ஐரோப்பாவில் அபூர்வம்.

இந்தியாவில் மேஜை மேல் தண்டவாளம் போடுகிறவருக்குச் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நீலப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு டீசல் இன்ஜின் வருகிறது. வந்து நிற்பது பவேரியாவில். பிளாட்பாரத்தில் டீக்கடை இல்லை, வேப்ப மரம் இல்லை, மும்மொழியில் எழுதிய மஞ்சள் பலகை இல்லை. கூரையின் சரிவோ பனி வழிந்து விழுவதற்காக அமைந்தது. உலகச் சந்தையின் பெரிய கம்பெனிப் பட்டியல்களில் இந்தியக் கிராமத்து ஸ்டேஷனைத் தேடுவது வீண் வேலை. ஆகவே இங்கே இந்தப் பொழுதுபோக்கில் கொஞ்ச தூரம் போனவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் கத்தியையும் அட்டையையும் எடுத்துத்தான் ஆகவேண்டும். பெட்டி வாங்கி ஒட்டாமல், வெற்று அட்டையிலிருந்தும் தகட்டிலிருந்தும் சொந்தமாகக் கட்டுவதற்கு ஸ்க்ராட்ச் பில்டிங் என்று பெயர். மற்ற நாடுகளில் அது தேர்ந்தவர்களின் ஆடம்பரம். இங்கே அதுதான் அரிச்சுவடி.

பார்ப்பதற்குப் பிள்ளை விளையாட்டு. ஆனால் அதற்குள் ஓர் அவசரம் ஒளிந்திருக்கிறது. பெட்டியில் வரும் ஸ்டேஷனை யாரோ ஒருவர் எப்போதோ அளந்து வரைந்துவிட்டார். அட்டையில் கட்டுகிறவர் தானே போய் அளக்க வேண்டும். அவர் கட்ட ஆசைப்படுவது பெரும்பாலும் இளவயதில் பார்த்த ஸ்டேஷன்: ஓட்டுக் கூரை, கனத்த சுவர், தரையோடு தரையாக ஒரு பிளாட்பாரம். அதாவது மீட்டர் கேஜ் ஸ்டேஷன். நாட்டின் ரயில் பாதைகளை அகலப்பாதையாக ஆக்கும் திட்டத்தை ரயில்வே 1992-ல் தொடங்கியபோது மீட்டர் கேஜ் பாதை மட்டும் 23,000 கிலோமீட்டர் அளவுக்கு இருந்தது. ராஜஸ்தான், குஜராத், அசாம், தமிழ்நாடு என்று மாநிலம் மாநிலமாக அது சுருங்கியது. சென்னை கடற்கரை - தாம்பரம் இடையே ஓடிய மீட்டர் கேஜ் மின்ரயில் 2004-ல் நின்றது. செங்கோட்டை - புனலூர் மலைப்பாதையில் 2010-ல் மீட்டர் கேஜ் ரயில் நிறுத்தப்பட்டு, 2018-ல் அகலப்பாதை வந்தது. அசாமின் லம்டிங் - பதர்பூர் மலைப்பாதையில் மீட்டர் கேஜுக்கு 2014 கடைசி ஆண்டு.

பாதை மாறினால் கட்டடம் ஏன் போக வேண்டும்? காரணம் எளிது. பழைய பிளாட்பாரம் தண்டவாள மட்டத்தில் இருந்தது. புதிதாகப் போடும் உயர்ந்த பிளாட்பாரம் தண்டவாளத்துக்கு மேல் 76 முதல் 84 செ.மீ. வரை எழும்புகிறது. பழைய ஸ்டேஷன் அப்படியே இருந்தால் அதன் வாசற்படி பள்ளத்தில் போய்விடும். பாதையும் சில அடி நகர்கிறது. பல ஊர்களில் தள்ளிப் புதுக் கட்டடம் எழுந்தது. பழையது கிடங்கானது அல்லது மண்ணானது. பயணிகளைக் கேட்டால் நல்லதுதான் என்பார்கள். ஊருக்கு நேரடி ரயில் வந்துவிட்டதே. அதில் தகராறு இல்லை. ஆனால் இடிப்பதற்கு முன் அந்தக் கட்டடத்தை யாராவது அளந்தார்களா என்று கேட்டால், பல இடங்களில் பதில் கிடைக்காது.

மாடல் கட்டுகிறவர் அந்தக் கேள்வியோடுதான் டேப்பும் நோட்டுப் புத்தகமுமாக ஊருக்குப் போகிறார்.

டேப்பை நீட்டுவதற்கு முன் ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்து அனுமதி கேட்பது நல்லது. பிளாட்பாரத்தில் சுவரை அளந்துகொண்டு நிற்கும் மனிதரைக் காவலர்கள் சந்தேகிப்பது இயல்புதான். அனுமதி கிடைத்தாலும் எல்லாவற்றையும் அளக்க முடியாது. கூரை முகட்டுக்கு ஏணி வேண்டும். அதற்குச் செங்கல் இருக்கிறது. பூச்சு இல்லாத சுவரானால் தரையிலிருந்து கூரை வரை வரிசைகளை எண்ணினாலே உயரம் வந்துவிடும். காரையும் சேர்த்து ஒரு வரிசைக்கு ஏறக்குறைய மூன்றேகால் அங்குலம். பூசிய சுவரானால் அடிக்கு ஒரு கறுப்புப் பட்டை தீட்டிய கோலைச் சுவரில் சாய்த்து வைத்து, கட்டடத்துக்கு நேர் எதிரே நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். பிறகு வீட்டில் உட்கார்ந்து அந்தக் கோலைக் கொண்டே மற்றதையெல்லாம் கணக்கிடலாம். கட்டடம் ஏற்கெனவே போய், ஒரே ஒரு பழைய போட்டோ மட்டும் மிஞ்சியிருந்தால் கதவுதான் துணை. கதவு ஏழடி என்று வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்கிடுகிறார்கள். கொஞ்சம் துணிச்சலான கணக்கு. ஆனால் அதே பாதையில் பக்கத்து ஊர் ஸ்டேஷன் தப்பியிருந்தால் சரிபார்த்துக்கொள்ளலாம். ரயில் கம்பெனிகள் ஊருக்கொரு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கவில்லை. சிற்றூர் ஸ்டேஷன்கள் பலவும் அண்ணன் தம்பி ஜாடையில்தான் இருக்கும்.

எண்பத்தேழும் ஐந்தரை அடியும்

பிறகு வருவது வகுத்தல் கணக்கு. உலகில் அதிகம் புழங்கும் மாடல் அளவுக்கு ஹெச்.ஓ. என்று பெயர்; உண்மையில் 87-ல் ஒரு பங்கு. ஐந்தரை அடி மனிதர் அதில் 19 மில்லிமீட்டர் உயரம் நிற்பார். ஏழடிக் கதவு இருபத்தைந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நூறடி நீளக் கட்டடம் ஓர் அடிக்கும் கொஞ்சம் மேல், 35 செ.மீ.

இந்தக் கணக்கில் இந்தியாவுக்கு ஒரு விசேஷத் தொல்லை. கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. அது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைகளின் 1,435 மி.மீ. அகலத்துக்குச் சரி. நம் அகலப்பாதை ஐந்தரை அடி, 1,676 மி.மீ. அதற்கு 19 மி.மீட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே கடைத் தண்டவாளத்தில் ஓடும் இந்திய ராஜதானி எல்லாம் கொஞ்சம் ஒல்லிக் கால்களில்தான் ஓடுகிறது. பலர் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். மீட்டர் கேஜுக்கோ 11.5 மி.மீ. போதும், சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களும் மீட்டர் கேஜ் என்பதால் அவற்றுக்காகச் செய்யப்படும் 12 மி.மீ. தண்டவாளம் கிட்டத்தட்டப் பொருந்திவிடுகிறது. நாட்டில் தேடினாலும் கிடைக்காத பாதை மேஜையில் மட்டும் சரியாக அமைகிறது.

கட்டடத்தை முழு நீளத்துக்கும் கட்டலாம். பிளாட்பாரத்தை முடியாது. 24 பெட்டி எக்ஸ்பிரஸ் நிற்கும் பிளாட்பாரம் 87-ல் ஒரு பங்கானாலும் ஆறு மீட்டரைத் தாண்டும். எந்த வீட்டில் அவ்வளவு பெரிய ஹால் இருக்கிறது? எனவே குறைக்கிறார்கள். இங்கேதான் அனுபவமும் அவசரமும் பிரிகின்றன. அவசரக்காரர் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சிறிதாக்குவார். ஜன்னலும் கதவும் குறுகிப்போய் பொம்மை வீடாகிவிடும். விவரம் தெரிந்தவர் வளைவுகளின் எண்ணிக்கையைக் குறைப்பார், வளைவைத் தொட மாட்டார். ஏழு வளைவு வராந்தா ஐந்தாகும். ஆனால் ஒவ்வொரு வளைவின் கீழும் 19 மி.மீ. மனிதர் தலை இடிக்காமல் போகலாம்.

சுவரின் கனம்

அட்டை மாடல்கள் அட்டை என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ஜன்னலில். மெல்லிய அட்டையில் ஓட்டை போட்டு, பின்னால் கண்ணாடித்தாள் ஒட்டினால் ஜன்னல் சுவரின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய ஸ்டேஷன் சுவர் ஒன்றரை அடி கனம். ஜன்னல் உள்ளே தள்ளி, நிழலில் இருக்கும். அந்த நிழல்தான் கட்டடத்துக்கு வயதைத் தருகிறது. ஒன்றரை அடியை 87-ஆல் வகுத்தால் ஐந்தேகால் மி.மீ. விளம்பரப் பலகை செய்கிறவர்கள் வாங்கும் ஐந்து மி.மீ. சன் போர்டு ஏறக்குறைய அதே கனம். எந்த மாடல் கம்பெனியும் இந்தியாவுக்காக யோசித்துச் செய்யாத பொருள் பக்கத்து ஸ்டேஷனரிக் கடையில் தயாராக இருக்கிறது.

சுவரில் செங்கல் காட்ட வேண்டுமா? பொறுமைசாலிகள் ஒரு மி.மீட்டருக்கு ஒரு கோடு கீறுகிறார்கள். அதில் ஒரு தப்பு இருக்கிறது. நிஜத்தில் செங்கல்களுக்கு இடையே காரை ஒரு செ.மீ. என்றால் மாடலில் அது பத்தில் ஒரு மி.மீ.; தலைமுடிக் கனம். கத்தி கீறும் கோடு அதைவிடப் பெரிதாகி, சுவர் முழுக்க அகழி வெட்டியது போல் தெரியும். இதைவிடச் சுவரைப் பூசிவிட்டு, அடியில் மழைத்தண்ணீர் தெறிக்கும் இடத்தில் மட்டும் பூச்சைப் பெயர்த்து, பத்துப் பதினைந்து செங்கல்லைத் தலைகாட்ட விடுவது மேல். பார்க்கிறவர் கண் மிச்சச் செங்கலை தானே கட்டிக்கொள்ளும்.

கூரையில் அந்தச் சலுகை கிடையாது. மங்களூர் ஓடு இல்லாமல் தென்னிந்திய, மேற்கிந்திய ஸ்டேஷன் கிடையாது. பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து அந்தச் சிவப்பு தீபகற்பம் முழுக்கப் பரவியது. சதுர மீட்டருக்கு சுமார் 15 ஓடு. நூறு சதுர மீட்டர் கூரைக்கு 1,500. ஒவ்வொன்றும் மாடலில் அரிசி நீளம்கூட வராது. தனித்தனியாக வெட்டி ஒட்டியே தீருவேன் என்று கிளம்புகிறவர் கூரை முடியும் முன் பொழுதுபோக்கை மாற்றிக்கொள்வார். வழக்கமான வழி, காகிதத்தை நீளமான பட்டைகளாக வெட்டி, கீழ் ஓரத்தில் ஓடு அகலத்துக்கு ஒரு கீறல் போட்டு, இறவாணத்திலிருந்து முகடு நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவது. முப்பது பட்டையில் கூரை முடிந்துவிடும். இரண்டு மூன்று ஓட்டை வேண்டுமென்றே சரித்துவிட வேண்டும். ஒழுங்காக இருக்கும் ஓட்டுக் கூரையை எந்த ஊரில் பார்த்தோம்?

தகரக் கொட்டகைக்கு வேறு தந்திரம். நெளி தகட்டில் அலைக்கு அலை 75 மி.மீ. 87-ஆல் வகுத்தால் ஒரு மி.மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஐந்து மி.மீ. போல்ட்டின் மரையும் ஏறக்குறைய அந்த இடைவெளிதான். சமையலறை அலுமினியத் தாளை ரப்பர் ஷீட் மேல் விரித்து, மரை போட்ட கம்பியை அழுத்தி உருட்டினால் கூட்ஸ் ஷெட் கூரை ரெடி. வேலிக் கம்பத்துக்கும் கூரைத் தூணுக்கும் ரயில்வே எப்போதும் பழைய தண்டவாளத்தையே நட்டது. மாடலிலும் அதேபோல் சிறிய அளவுத் தண்டவாளத்தின் மீதித் துண்டுகள் தூணாகின்றன. உலர்ந்த டீத்தூள் மண்ணாகிறது, சலித்த ஜல்லித்தூள் பாதைக்கு ஜல்லியாகிறது. வேப்ப மரத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நாற்பதடி மரம் மாடலில் 14 செ.மீ. வரும், ஸ்டேஷன் முகட்டைவிட நன்றாக உயரம். மரத்தைச் சின்னதாக்கினால் ஸ்டேஷன் அரண்மனையாகிவிடும்.

வண்ணம் அடித்ததும் வேலை முடிந்ததென்று நினைப்பவர்கள் உண்டு. அசல் ஸ்டேஷனின் வண்ண டப்பாவையே கொண்டுவந்து பூசினாலும் மாடல் கறுத்துத்தான் தெரியும். சின்னப் பரப்பு, அறை வெளிச்சம். எனவே கொஞ்சம் வெள்ளை கலந்து வெளுக்க வைக்க வேண்டும். அதன் பிறகுதான் அழுக்கு. இந்திய மையை ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து ஒரு கழுவல். ஓரங்களில் காவிச் சாக்குத்தூள். கூரையில் இன்ஜின் நின்ற இடத்துக்கு நேரே கரி. தூண்களின் அடியில் வெற்றிலைக் கறை. இதைப் போடலாமா கூடாதா என்பதில் கொள்கைச் சண்டையே நடத்தலாம். போடாவிட்டால் பொய், அளவு மீறினால் கேலி.

பென்டன் கிராமம்

இந்த உழைப்புக்கு இன்னொரு பயனும் உண்டென்று காட்டியவர் ஓர் ஆஸ்திரேலியர். ராய் இங்கிலாண்ட் என்பது அவர் பெயர். 1925-ல் இங்கிலாந்துக்கு வந்தார். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தென்மேற்கே, குன்றில் சுண்ணாம்புக் கல்லில் வெட்டிய பிரம்மாண்டக் குதிரை உருவத்தால் பெயர்பெற்ற ஒயிட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் கூரை வீடுகளில் மனதைப் பறிகொடுத்தார். அவர் கண்ணெதிரிலேயே அவை மாறத் தொடங்கின: வைக்கோல் கூரை போய்ப் புதுக் கூரை, மண் பாதை போய்த் தார் ரோடு. தடுக்க வழியில்லை. அளந்து வைக்கத் தீர்மானித்தார். வீடு வீடாகப் போய் அளவும் வண்ணமும் தோட்டத்துப் பூக்களும் குறித்துக்கொண்டு, 76-ல் ஒரு பங்காக அட்டையில் கட்டலானார். சுவருக்கு அட்டையும் நீர்வண்ணமும், கூரைக்குக் குழாய் மரையில் பிளம்பர்கள் சுற்றும் சணல் நார்.

1954-ல் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் ஒரு பழைய மதுக்கடைக் கட்டடத்தை வாங்கினார். அதில் வளர்ந்ததுதான் பென்டன் மியூசியம். 1930-ஐ ஒட்டிய காலம் என்று முடிவு செய்து, வெவ்வேறு ஊர்களின் நிஜ வீடுகளை ஒரே கற்பனைக் கிராமத்தில் சேர்த்தார்கள். ரயிலும் ஓடுகிறது, ஆனால் பார்க்க வருபவர்கள் குனிந்து பார்ப்பது வீடுகளைத்தான். ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கணக்கில் உழைக்கும் தொண்டர்கள் அங்கே உண்டு. ராய் இங்கிலாண்ட் 1995-ல் காலமானார்; பள்ளத்தாக்கு முடிந்திருக்கவில்லை. ஜான் ஏஹர்ன் என்பவர் கட்டிய மேடர் வேலி என்ற மாடல் ரயில் பாதையும் அங்கேதான் இருக்கிறது. அட்டைக் கட்டடக் கலைக்கு 1950-லேயே புத்தகம் எழுதியவர் ஏஹர்ன்.

இந்தியாவில் பொதுமக்கள் பார்க்கும்படியான முயற்சிகளில் முதலில் சொல்லவேண்டியது புனே கோத்ரூட்டில் பாவுசாஹேப் ஜோஷி 1998-ல் திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம். நீராவி இன்ஜினும் அதிவேக ரயிலும் விளக்குகளும் ஒலியுமாக அது ஒரு முழுக் காட்சி. குழந்தைகளை வெளியே இழுத்து வருவது கஷ்டம். ஆனால் அதன் நோக்கம் ரயில் என்ற அதிசயத்தைக் காட்டுவது. ஏதாவது ஒரு இந்திய ரயில் பாதையைக் குறிப்பிட்ட ஆண்டில் இருந்தபடி ஸ்டேஷன் ஸ்டேஷனாக அளந்து வைப்பது வேறு வேலை. பென்டன் அளவுக்கு அதைச் செய்ய ஒருவருடைய மொட்டைமாடி அறை போதாது. ஒருவருடைய ஆயுளும் போதவில்லை என்பதைத்தான் ராய் இங்கிலாண்டின் கதை சொல்கிறது.

அளக்க வேண்டியவை கட்டடத்தோடு முடிவதில்லை. மணிக்குப் பதிலாகக் கட்டித் தொங்கும் தண்டவாளத் துண்டு, மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள், டிக்கெட் ஜன்னலின் கம்பி, ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் ஒற்றைப் பாதைக்குப் பந்து டோக்கன் தரும் நீல்ஸ் கருவி, அந்தப் பந்தை வைத்து ஓடும் இன்ஜினுக்கு நீட்டும் பிரம்பு வளையம், கைகாட்டி சிக்னலை இழுக்கும் நெம்புகோல்களின் வரிசை. கட்டடம் தப்பிய ஊர்களிலும் இவை தப்பவில்லை. மாடலில் இவை ஒவ்வொன்றும் குண்டூசித் தலை அளவுதான் வரும். ஆனால் பிரம்பு வளையம் எவ்வளவு பெரிது, எந்தக் கையில் பிடிப்பார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் ஓய்வுபெற்ற பாயின்ட்ஸ்மேன்கள். நோட்டுப் புத்தகத்தோடு அவர்களிடம் போக வேண்டிய வேலை டேப் வேலையைவிட அவசரம்.

டேப் வேலைக்கு இன்னும் இடம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர் நீலகிரி மலை ரயில் பாதை இன்றும் மீட்டர் கேஜ்தான். 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் வந்தது. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததால் அகலப்பாதை ஆபத்து அதற்கு இல்லை. வெலிங்டன், கேத்தி, லவ்டேல் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். ஒரு ரயில் போய் அடுத்த ரயில் வரும்வரை பிளாட்பாரம் காலி. இரண்டு பேர், ஒரு டேப், கறுப்புப் பட்டை போட்ட ஒரு கோல் இருந்தால் ஒரு நாளில் ஒரு ஸ்டேஷனை அளந்துவிடலாம்.